உடம்புக்குள்ளேயே ஒரு அபினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் பாடம் எடுப்பவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில்கூட இரண்டு கேள்விகள் வந்துவிடும். ஒன்று, "சுகருக்கு இந்த மாத்திரை சரிதானா?" இன்னொன்று, "எண்டார்ஃபின்னு சொல்றாங்களே, அது சுரக்க என்ன சாப்பிடணும்?" முதல் கேள்விக்கு உங்கள் டாக்டரைப் பாருங்கள். இரண்டாவதில் வரும் எண்டார்ஃபின், அபினி போல வலியடக்க நம் உடம்பே செய்துகொள்ளும் பொருள். அது எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

அபினிக்கும் நம் உடம்புக்கும் அப்படி என்ன சம்பந்தம்?

குருமாவில் அரைத்து ஊற்றுகிறோமே கசகசா, அது அபினிச் செடியின் விதை. அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் காய்ந்தால் அபினி. (விதையில் போதை இல்லை. ஆனால் காயின் பால் அதில் லேசாக ஒட்டியிருக்கலாம். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகும்போது மசாலாப் பொட்டலத்தில் கசகசா வேண்டாம், அங்கே அதற்குத் தடை.) 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய இளைஞர், மருந்துக்கடை உதவியாளர், அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். வலி குறைகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. எப்படிக் குறைகிறது என்பது வெகுகாலம் தெரியவில்லை.

1973-ல் பால்டிமோரில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமனும், ஸ்வீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரீனியஸும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். மூளைச் செல்களின் சவ்வில் மார்ஃபின் வகை மருந்துகள் குறிப்பாக வந்து ஒட்டும் இடங்கள் இருக்கின்றன. அவைதான் ஓபியாய்டு ஏற்பிகள். உடனே அடுத்த கேள்வி எழுந்தது. ஒரு செடியின் பாலுக்காக மூளை ஏற்பி செய்து வைத்திருக்குமா? உள்ளேயே சுரக்கும் ஏதோ ஒன்றுக்காகத்தானே இருக்க வேண்டும்?

அந்த "ஏதோ ஒன்றை" எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நாங்கள் படித்த காலத்தில் மருந்தியல் லேபில் புகை பூசிய தாள் சுற்றிய ஓர் உருளை சுழன்றுகொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் வெதுவெதுப்பான உப்புக் கரைசல், காற்றுக் குமிழிகள், நடுவில் நூலில் கட்டித் தொங்கும் விரல்நீளக் குடல் துண்டு. நரம்புகள் விடும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் ஒரு சொட்டு விட்டால் குடல் சுருங்கும். நூல் நெம்புகோலை இழுக்க, கரிய தாளில் வெள்ளைக் கோடு எழும்பும். உடம்பைவிட்டு வெளியே வந்த குடல் மணிக்கணக்கில் உயிரோடு பதில் சொல்வதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. இப்போது அதெல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குப் போய்விட்டது.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் பல வருடங்களாக இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். கினிப்பன்றிக் குடலுக்குச் சில விநாடிகளுக்கு ஒருமுறை லேசான மின்சாரம் கொடுப்பார், அது துடிக்கும். மார்ஃபின் விட்டால் துடிப்பு சுருங்கிவிடும். நலாக்சோன் என்ற எதிர்மருந்தை விட்டால் திரும்ப எழும்பும். மார்ஃபின் போல எது நடந்துகொண்டாலும் அந்தக் குடல் காட்டிக்கொடுத்துவிடும். அவருடன் வேலை செய்த ஜான் ஹியூஸ் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அறுப்புக்கூடத்துக்குப் போய்ப் பன்றி மூளைகளை வாங்கிவருவார். மூளையை அரைத்து, வடிகட்டி, சாற்றைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் குடலின் மேலும், சுண்டெலியின் விந்துக்குழாயின் மேலும் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதி துடிப்பை அடக்கியது. நலாக்சோன் விட்டதும் துடிப்பு திரும்பியது. அப்படியானால் அது ஓபியாய்டு ஏற்பி வழியாகத்தான் வேலை செய்கிறது.

1975 டிசம்பரில் வந்த கட்டுரையில் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். வெறும் 5 அமினோ அமிலங்கள் கோத்த சரம்: டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபீனைல் அலனின், கடைசியில் மெத்தியோனின் அல்லது லூசின். "தலைக்குள் இருப்பது" என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள்.

மார்ஃபின் ஒரு செடிப் பொருள், இது புரதத் துணுக்கு. இரண்டும் எப்படி ஒரே ஏற்பியில் உட்காரும்?

முதல் மணியான டைரோசினைப் பாருங்கள். அதன் வளையமும் நைட்ரஜனும் இருக்கும் தோரணை மார்ஃபினின் ஒரு மூலைக்கு அச்சாகப் பொருந்தும். தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது, கசகசாச் செடி மார்ஃபினைச் செய்வதே டைரோசினிலிருந்துதான். முதல் டைரோசினை எடுத்துவிட்டால் என்கெஃபலின் செத்த பெப்டைடு (இப்படிப்பட்ட அமினோ அமிலச் சரத்துக்கு அதுதான் பெயர்).

என்கெஃபலின், எண்டார்ஃபின், டைனார்ஃபின்: எல்லாம் ஒன்றுதானா?

ஒரே குடும்பம், வேறு வேறு வீடு. செல் இவற்றைத் தனித்தனியாகச் செய்வதில்லை. முதலில் ஒரு நீளப் புரதத்தைச் செய்து, அப்புறம் நொதிகளால் தேவையான இடங்களில் வெட்டும். முன்-என்கெஃபலின் என்ற புரதத்தை வெட்டினால் பல என்கெஃபலின்கள். முன்-டைனார்ஃபினை வெட்டினால் டைனார்ஃபின்கள். இவற்றை 1979-ல் ஆவ்ரம் கோல்ட்ஸ்டைன் குழு விவரித்தது, ஆற்றல் அதிகம் என்பதால் கிரேக்கத்தில் "சக்தி" என்ற சொல்லை ஒட்டிப் பெயர்.

பீட்டா-எண்டார்ஃபின் 31 அமினோ அமிலம் கொண்டது. சோ ஹாவ் லீ என்ற விஞ்ஞானி அதை ஒட்டகத்தின் பிட்யூட்டரியிலிருந்து (மூளையின் அடியில் உள்ள சுரப்பி) எடுத்தார். அதன் முதல் ஐந்து மணிகளும் அப்படியே மெத்தியோனின் வகை என்கெஃபலின். இது வரும் தாய்ப் புரதத்தை வெட்டினால் ஏசிடிஎச் என்ற மன அழுத்த ஹார்மோனும் கிடைக்கும். அதனால்தான் அதிர்ச்சி, பிரசவம் போன்ற நேரங்களில் இரண்டும் சேர்ந்தே ரத்தத்தில் ஏறுகின்றன.

எண்டார்ஃபின் என்ற சொல் "உள்ளே சுரக்கும் மார்ஃபின்" என்பதன் சுருக்கம். பத்திரிகைகள் மொத்தக் குடும்பத்தையும் அந்தப் பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

ஏற்பிகள் எத்தனை வகை?

முக்கியமாக மூன்று, எல்லாம் கிரேக்க எழுத்துப் பெயர்கள். மியூ, மார்ஃபினின் முதல் எழுத்து. கப்பா, கீட்டோசைக்ளசோசின் என்ற மருந்தின் முதல் எழுத்து. டெல்டா, சுண்டெலியின் விந்துக்குழாயில் தெரிந்ததால் அதன் லத்தீன் பெயரான வாஸ் டெஃபெரன்ஸிலிருந்து. பீட்டா-எண்டார்ஃபின் மியூவிலும் டெல்டாவிலும் நன்றாக ஒட்டும். என்கெஃபலினுக்கு டெல்டா மேல் பிரியம் அதிகம், மியூவையும் விடாது. டைனார்ஃபினுக்குக் கப்பா. நான்காவதாக நோசிசெப்டின் ஏற்பி ஒன்று உண்டு, தூரத்து உறவு. நலாக்சோனுக்குக் கட்டுப்படாது என்பதால் பல ஆசிரியர்கள் அதைத் தனியாகவே வைப்பார்கள்.

சரி, பெப்டைடு ஏற்பியில் உட்கார்ந்ததும் உள்ளே என்ன நடக்கிறது?

தோசைக்கல்லில் விரல் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விரலிலிருந்து வரும் நரம்பு தண்டுவடத்தின் பின்பகுதியில் முடிகிறது. அங்கே அது குளூட்டமேட், பி-பொருள் போன்ற வேதிப்பொருள்களை விட்டு, அடுத்த நரம்புச் செல்லைத் தட்டி எழுப்புகிறது. அந்த இரண்டாவது செல்தான் சேதியை மூளைக்கு எடுத்துப்போகும். இந்தச் சந்திப்பில், பக்கத்திலேயே, என்கெஃபலின் வைத்திருக்கும் சின்ன நரம்புச் செல்கள் காவல் இருக்கின்றன.

அவை என்கெஃபலினை விட்டதும், அது சந்திப்பின் இரு பக்கமும் உள்ள ஏற்பிகளில் போய் உட்காரும். ஏற்பி என்பது செல் சவ்வை 7 முறை குறுக்கே துளைத்துச் செல்லும் ஒரு புரதம். வெளிப்பக்கக் குழியில் பெப்டைடு அமர்ந்ததும் உள்பக்கம் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். அங்கே காத்திருக்கும் ஜி-புரதம் தன்னிடமிருந்த ஜிடிபியைக் (GDP) கீழே போட்டுவிட்டு ஜிடிபியை (GTP) எடுத்துக்கொள்ளும் என்று எழுதினால் தமிழில் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும், மாணவர்கள் சிரிப்பார்கள். இரண்டு பாஸ்பேட் உள்ளது போய் மூன்று பாஸ்பேட் உள்ளது வருகிறது, அவ்வளவுதான். உடனே ஜி-புரதம் ஆல்ஃபா, பீட்டா-காமா என்று இரண்டு துண்டாகப் பிரியும்.

பீட்டா-காமா துண்டு செய்வதுதான் உடனடி வேலை. முதல் நரம்பின் நுனியில் அது கால்சியம் வாயில்களை அடைக்கிறது. கால்சியம் உள்ளே வராவிட்டால் வேதிப்பொருள் பைகள் உடையாது, குளூட்டமேட் வெளியே வராது. இரண்டாவது செல்லில் அது பொட்டாசியம் வாயில்களைத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேறியதும் செல்லின் உள்பக்கம் இன்னும் எதிர்மின்னாகிவிடும், எழுப்பினாலும் எழுந்திருக்காது. கதவைத் தட்டுபவனின் கையையும் பிடித்து, உள்ளே இருப்பவனையும் தூங்கவைத்த மாதிரி.

ஆல்ஃபா துண்டு கொஞ்சம் நிதானமான ஆள். அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை அடக்குகிறது. அதனால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப் பொருள் குறைகிறது. இதை மறக்காதீர்கள், போதைப் பழக்கம் பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

எல்லாமே பிரேக் என்றால் சந்தோஷம் எப்படி வருகிறது?

நல்ல கேள்வி. ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவராவது கேட்பார்.

நடுமூளையில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற பொருளை விடும் செல்கள் இருக்கின்றன. அவை இஷ்டத்துக்கு ஓடாமல், பக்கத்தில் காபா என்ற தடுப்புப் பொருளை விடும் செல்கள் பிடித்துவைத்திருக்கின்றன. மியூ ஏற்பிகள் பெரும்பாலும் இந்தப் பிடித்துவைக்கும் செல்களின் மேல்தான் இருக்கின்றன. அவற்றுக்கு பிரேக் போட்டால் டோபமைன் செல்கள் விடுபட்டு ஓடும். வாத்தியார் வகுப்பைவிட்டு வெளியே போனால் சத்தம் கிளம்புமே, அதுதான் கணக்கு.

வலியிலும் இந்தத் தந்திரம் உண்டு. நடுமூளையின் சாம்பல் பகுதி ஒன்றிலிருந்து தண்டுவடத்துக்கு வலியடக்கும் கட்டளை இறங்குகிறது. அதையும் காபா செல்கள்தான் பிடித்துவைத்திருக்கின்றன, அங்கேயும் ஓபியாய்டு பெப்டைடுகள் பிடியைத் தளர்த்துகின்றன.

சமிக்ஞை எப்போது நிற்கும்?

மிகச் சீக்கிரம். நெப்ரிலைசின், அமினோபெப்டிடேஸ் போன்ற நொதிகள் செல்களுக்கு வெளியிலேயே என்கெஃபலினை வெட்டிப்போடுகின்றன. அதே நேரம் வேலை செய்துகொண்டிருக்கும் ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஏற்றப்பட்டு, அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டும். அதன் பிறகு ஜி-புரதத்துக்கு இடமில்லை. ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டு, சுத்தமாகித் திரும்பவும் சவ்வுக்கு வரும்.

அந்த வெட்டும் நொதியைத் தடுத்தால்? வயிற்றுப்போக்குக்குக் குழந்தைகளுக்குப் பொடியாகத் தரும் ரேஸ்கடோட்ரில் அதைத்தான் செய்கிறது. குடல் சுவரில் என்கெஃபலின் கூடுதல் நேரம் தங்குகிறது. டெல்டா ஏற்பி வழியாக சைக்ளிக் ஏஎம்பி குறைகிறது, தண்ணீர் சுரப்பது குறைகிறது. குடலின் ஓட்டம் நிற்பதில்லை. பெரியவர்கள் வாங்கும் லோபராமைடு வேறு ஜாதி, அது தானே மியூ ஏற்பியில் உட்கார்ந்து குடல் அசைவை மந்தமாக்கும் ஓபியாய்டு. மூளையின் எல்லையில் உள்ள ஒரு பம்ப் அதைத் திரும்ப வெளியே தள்ளிவிடுவதால் வழக்கமான அளவில் போதை இல்லை. சின்னக் குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. எது கொடுத்தாலும் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து.

அதே ஏற்பிதான் என்றால், மார்ஃபின் மட்டும் ஏன் பழக்கமாகிறது?

மூன்று வித்தியாசங்கள், என் கணக்கில் முதலாவதுதான் பெரிது. என்கெஃபலின் ஒரு சந்திப்பில் சுரந்து, அங்கேயே வேலை முடித்து, அங்கேயே அழிகிறது. மார்ஃபின் ரத்தத்தில் ஏறி ஒரே நேரத்தில் தண்டுவடம், டோபமைன் பகுதி, மூச்சை நடத்தும் பகுதி, குடல் என்று எங்கெல்லாம் மியூ இருக்கிறதோ அங்கெல்லாம், மணிக்கணக்கில் உட்காருகிறது. வயலில் ஒரு பாத்திக்கு மடை திறப்பதும் ஏரிக்கரை உடைவதும் ஒன்றா?

இரண்டாவது, என்கெஃபலின் ஏற்பியை நன்றாக உள்ளே இழுத்துப் புதுப்பிக்க வைக்கும். மார்ஃபின் அந்த வேலையில் சோம்பேறி. மூன்றாவது 2018-ல் வெளிவந்தது. மார்ஃபின் சவ்வைக் கடந்து, செல்லுக்குள்ளே கோல்ஜி உறுப்பில் இருக்கும் ஏற்பிகளையும் இயக்குகிறது. பெப்டைடால் அங்கே நேராக நுழைய முடியாது.

இனி சைக்ளிக் ஏஎம்பிக்கு வருவோம். 1975-லேயே ஷர்மா, கிளீ, நிரன்பர்க் மூவரும் வளர்ப்புச் செல்களில் காட்டினார்கள்: மார்ஃபினை நீண்ட நேரம் வைத்திருந்தால், அடக்கப்பட்ட நொதியைச் செல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சரிசெய்துகொள்கிறது. இதுதான் தாங்குதிறன். திடீரென்று மார்ஃபினை எடுத்துவிட்டால், ஏற்றிவைத்த நொதி கட்டுப்பாடில்லாமல் ஓடி, சைக்ளிக் ஏஎம்பி இயல்பைவிட எகிறுகிறது. நிறுத்தியவருக்கு வரும் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்குக்குப் பின்னால் இதே வகை எகிறல் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, வீட்டில் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எடுப்பவரைப் பயமுறுத்தி நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் கண்காணிப்பில், வலிக்காக, அளந்து எடுப்பது வேறு கதை. உடல் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. மலச்சிக்கல் மட்டும் நாளாகியும் போகாது, அதற்கான மருந்தைக் கூடவே கேட்டு வாங்குங்கள்.

டைனார்ஃபின் வில்லனா?

அப்படித்தான் பல பதிவுகளில் எழுதுகிறார்கள். கப்பா ஏற்பி இயங்கினால் வலி குறையும், ஆனால் மனசு கனத்துப்போகும், எதிலும் பிடிப்பிருக்காது. டோபமைன் செல்களையே அது நேராக அடக்குவதால் மியூவுக்கு நேர் எதிர். நீண்டகால மன அழுத்தத்தில் டைனார்ஃபின் ஏறுவது உண்மை.

அரிப்பு விஷயத்திலோ அது நல்லவன். மியூ இயங்கினால் அரிக்கும், மார்ஃபின் ஊசி போட்டவர் மூக்கைச் சொறிவதைப் பார்த்திருப்பீர்கள். கப்பா இயங்கினால் அரிப்பு அடங்கும். டயாலிசிஸ் நோயாளிகளைத் தூங்கவிடாத அரிப்புக்காக 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிஃபெலிகெஃபலின், மூளைக்குள் எளிதில் போகாத ஒரு கப்பா பெப்டைடு. அதனால் மனசைக் கெடுக்காமல் வேலை முடிகிறது.

பக்கவிளைவே இல்லாத மார்ஃபின் வரப்போகிறது என்கிறார்களே?

அரெஸ்டின் இல்லாத எலிகளில் மார்ஃபின் கூடுதலாக வலியடக்கியது, மூச்சுத் திணறல் குறைந்தது என்று 1999 முதல் 2005 வரை வந்த ஆய்வுகள் ஒரு பெரிய நம்பிக்கையைக் கிளப்பின. ஜி-புரதத்தை மட்டும் இயக்கி, அரெஸ்டினைத் தொடாத மருந்து செய்தால் போதும் என்றார்கள். 2020-ல் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து அதே சோதனையைத் திரும்பச் செய்தன. அரெஸ்டின் இல்லாத எலிகளுக்கும் மூச்சு குறையத்தான் செய்தது. மூச்சை அடக்குவதும் ஜி-புரத வழிதான் என்று இப்போது பெரும்பாலோர் பார்க்கிறார்கள். அதே வருடம் ஒலிசெரிடின் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் உறையிலும் மூச்சு பற்றிய எச்சரிக்கை இருக்கிறது.

ஓடினால் எண்டார்ஃபின் சுரந்து மனசு லேசாகுமா?

ஓடுங்கள், நல்லது. விளக்கம்தான் அவ்வளவு நேரானதில்லை. ரத்தத்தில் ஏறும் பீட்டா-எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது, ஆகவே ரத்தப் பரிசோதனையில் கூடியிருக்கிறது என்பது மட்டும் போதாது. 2008-ல் ஜெர்மனியில் 10 ஓட்டக்காரர்களை 2 மணி நேரம் ஓடவிட்டு மூளையைப் படமெடுத்தபோது, அங்கே ஓபியாய்டு ஏற்பிகளில் ஏதோ வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஆனால் 2021-ல் அதே நாட்டில் 63 பேருக்கு ஏற்பிகளை அடைக்கும் நால்ட்ரெக்சோன் கொடுத்து ஓடவிட்டார்கள். ஓட்டம் முடிந்த பரவசம் அப்படியே இருந்தது. ரத்தத்தில் ஏறியிருந்தது உடம்பே செய்யும் கஞ்சா வகைப் பொருள். எண்டார்ஃபினுக்குக் கிடைத்த மாலையில் பாதியைக் கழற்றி இதற்குப் போட வேண்டும்.

ஏ2 பால் விற்பவர்கள் "ஏ1 பாலில் மார்ஃபின் இருக்கிறது" என்கிறார்களே?

மார்ஃபின் இல்லை. ஏ1 வகைப் பாலின் கேசின் புரதத்தில் 67-ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் இருக்கிறது, ஏ2-வில் புரோலின். அந்த ஒரு மாற்றத்தால் ஏ1 செரிக்கும்போது 7 அமினோ அமிலம் கொண்ட ஒரு துணுக்கு எளிதாகக் கழன்று வரும். அதன் முதல் மணியும் டைரோசின்தான், மியூ ஏற்பியில் பலவீனமாக ஒட்டவும் செய்யும். ஆனால் இது நோய்க்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் சொன்னது. இந்திய ஆணையம் 2024 ஆகஸ்டில் உறையில் ஏ1, ஏ2 என்று போடுவதை நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. விலை வித்தியாசத்துக்கு முட்டை வாங்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

வெறும் மாத்திரை கொடுத்தாலும் வலி குறைகிறதே, அதுவும் இதனால்தானா?

ஓரளவு, ஆமாம். 1978-ல் கலிஃபோர்னியாவில் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் பார்த்தார்கள். மருந்தில்லா மருந்தை நம்பி வலி குறைந்தவர்களுக்கு நலாக்சோன் கொடுத்ததும் வலி திரும்பியது. நம்பிக்கை மூளையில் பெப்டைடாகச் சுரந்திருக்கிறது.

நலாக்சோன் போட்டால் சாதாரண ஆளுக்கும் உடம்பெல்லாம் வலிக்குமா?

இல்லை. ஓய்வாக உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நரம்பு வேகமாக, தொடர்ந்து அதிர்ந்தால்தான் பெப்டைடுப் பைகள் உடையும், சும்மா இருக்கும்போது இந்த அமைப்பு பெரும்பாலும் மௌனம். ஓபியாய்டு அதிகமாகி மூச்சு நின்றவருக்கோ நலாக்சோன் உயிர்கொடுக்கும். ஒன்று கவனிக்க வேண்டும், அதன் ஆயுள் சுமார் ஒரு மணி நேரம்தான். உள்ளே இருக்கும் போதை அதைவிட நீடித்தால் மூச்சு திரும்பவும் அடங்கலாம், ஆகவே கண் திறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்கக் கூடாது.

இதற்கு ஒரு விசித்திரமான விதிவிலக்கு உண்டு. பிறந்ததிலிருந்தே வலி என்பதே தெரியாத சிலர் இருக்கிறார்கள். வலி நரம்பில் உள்ள ஒரு சோடியம் வாயில் அவர்களுக்கு வேலை செய்யாது. அதே குறையுள்ள எலிகளில் என்கெஃபலின் அளவுக்கு மீறி இருப்பதை லண்டன் ஆய்வாளர்கள் 2015-ல் கண்டார்கள். அதை வைத்து, அந்தக் குறையுள்ள ஒரு பெண்ணுக்கு நலாக்சோன் ஏற்றிவிட்டு, லேசரால் தோலைச் சூடுபடுத்திப் பார்த்தார்கள். 39 வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, அவருக்குச் சுட்டது.